ரயில் வரும்வரை அடக்கிய இருமல்

பிப்ரவரி 3, 1964, திங்கள்

இன்று குழாயில் தண்ணீர் வர ஆறு மணி ஆகிவிட்டது. தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய். நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? அடுத்த வீட்டு நூர் நிஷா இருமுவதைச் செய்து காட்டினேன். முதலில் இரண்டு குட்டி இருமல், அப்புறம் இழுவையாக ஒன்று, கடைசியில் மில் சங்கு மாதிரி ஓர் ஊளை. “சங்கு ஊதியாச்சு, ஷிப்டுக்குப் போங்கட்டி” என்றேன். சொர்ணம்மாள் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நூர் நிஷாவும் வரிசையில்தான் நின்றாள். அவளும் சிரித்தாள்.

வாசலில் விற்க வைத்த இட்லி ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

இப்போது சந்து முழுக்க அவளைச் ‘சங்கு’ என்கிறார்கள். பேர் வைத்தது நான். கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 14, சனி

நூர் நிஷா குழாய்க்கு வருவதில்லை. அவள் புருஷன் அப்துல் ரவூப் குடம் தூக்கிக்கொண்டு வருகிறார். “என்ன பாய், அடுத்த வாரம் சேலையா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 20, சனி

மழை. ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்க நூர் நிஷா வீட்டுக்குள் கூப்பிடாமலே நுழைந்தேன். மூலையில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்குகிறது, கண் பிதுங்குகிறது. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ரயில் வந்தது. உடனே துணியை எடுத்துவிட்டு இருமினாள். ரயில் போய் முடிகிறவரை இருமினாள். போனதும் மறுபடியும் துணி. அதில் ரத்தம்.

“என்னட்டி இது?”

“ரயில் வந்தாத்தான் இருமுவேன்க்கா. அந்தச் சத்தத்துல ஆருக்கும் கேக்காதுல்லா.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எனக்குத் தெரியாதா?

ஜூன் 21, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஊசி இனாம். வரமாட்டேன் என்கிறாள்.

“ஊசிக்கு நிக்கிற வரிசை ரோட்டு மேலல்லா இருக்கு. சொர்ணம்மா கண்ணுல பட்டாப் போதும். நம்ம சந்து அய்யாத்துரைக்கு டீபின்னு தெரிஞ்ச அன்னைக்கே குடும்பத்தோட வெளியேத்துனாம்லா வீட்டு மொதலாளி? அதே மொதலாளிதான் எங்களுக்கும்.”

எங்களுடையது சொந்தக் குடிசை. என்னை யாரும் வெளியேற்ற முடியாது.

“நானும் கூட வாரேன். வழி நெடுக நானும் இருமுதேன். சீக்கு ஆருக்குன்னு எவளுக்குத் தெரியும்?”

“வெளையாடாதிய அக்கா.”

விளையாடவில்லை என்று நம்ப வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வாய்க்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

ஜூன் 25, வியாழன்

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எனக்கும் எடுத்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இடது பக்கம் அரித்துப் போயிருக்கிறது. ஊசியையும் மாத்திரையையும் விடாமல் எடுத்தால் பிழைப்பாள், ஆனால் அந்தப் பக்கம் பழையபடி ஆகாது என்றார் டாக்டர். நாலு மாதம் முன்னால் ஏன் வரவில்லை என்று இந்தியில் கேட்டார்.

“நேரம் கெடைக்கல சாப்” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நாலு மாசம். அவ என்னயத் திட்டியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்த. என்ன சிரிப்புச் சிரிச்சேன் அன்னைக்கு – பாவி –

ஜூலை 16, வியாழன்

தினமும் போகிறோம். இருமல் வரும்போது என் கையைப் பிடிப்பாள். உடனே நான் ஆரம்பித்துவிடுவேன். என் சத்தத்துக்குள் அவள் இருமிக்கொள்கிறாள். ரயிலுக்குப் பதில் நான்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சொர்ணம்மாள் தன் குடத்தை என் குடத்துக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

இட்லி பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. மாவையும் கொட்ட வேண்டியதாயிற்று. என் புருஷன் ஏசுதாஸ் கத்தினார். “ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லித் தொலையேன்.” சொல்லலாம். அப்போ யாருக்கு என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். புதுப் பழக்கம், வாய் வலிக்கிறது.

செப்டம்பர் 29, செவ்வாய்

ஒன்பது மணி வரை இட்லி வாங்க ஒருத்தரும் வரவில்லை. சொர்ணம்மாள் தன் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூர் நிஷா வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போகிறவள் இன்று தட்டு கேட்டாள். சந்தின் நடுவில் நின்று நாலு இட்லி தின்றாள். அவசரமே இல்லை. சட்னியை விரலால் வழித்தாள். “இன்னும் ரெண்டு வையுங்கக்கா” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பின்னால் ரயில் போயிற்று. அவள் இருமவில்லை.

சொர்ணம்மாள் உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டி எடுத்து வந்தாள். “எட்டு போடு” என்றாள். போட்டேன். கேலியாக ஒன்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நூர் நிஷா வீட்டுக்கு நாலே படி. இரண்டாவது படியில் நின்று, விலாவில் கை வைத்து, மூச்சு வாங்கினாள். அவள் உள்ளே போகிறவரை எச்சில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.