யாரைக் கேட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்கா,

நீங்களும் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் கையில் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்கள் தம்பி கேலி செய்கிறார். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் சாப்பிட்டீர்களா, துணி காய்ந்ததா என்று ஆரம்பித்துவிடுகிறேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது வைத்த பிறகுதான் தெரிகிறது. ஓரகத்திகள் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்வது உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்கிறார். கிடையாதுதான்.

நீங்கள் வேறு ஊருக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் உங்கள் அறை ‘பெரியவங்க ரூம்’தான். இஸ்திரி மேஜையை உள்ளே போட்டும் பெயர் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறையும் முடிந்தது. கருமுட்டை எடுத்து, வெளியே வைத்து வளர்த்து, சோதித்துப் பார்த்ததில் இரண்டு கரு மிஞ்சின. இரண்டிலும் அது இருக்கிறது. மாமனாரிடமிருந்து பெரியத்தானுக்கும் இவருக்கும் வந்த அதே இதயக் கோளாறு. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். எங்கள் பங்குக்கு வரவேண்டிய நல்ல பாதி எங்கே போனதோ. இன்னொரு தடவை என் உடம்பு தாங்காது என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எழுந்து வரப் போனால் உட்காரச் சொன்னார். “இன்னொண்ணு இருக்கு. அதை வழின்னு சொல்லலாமான்னு எனக்கே தெரியலை.” கருவிலேயே அந்தக் கோளாறு இருக்கும் மரபணுவைத் திருத்திவிடும் ஆய்வு ஒன்று நடக்கிறதாம். குழந்தைக்கும் வராது, அதன் பிள்ளைகளுக்கும் வராது.

“வேற மரபணு எதுலயாவது தெரியாம கை பட்டுட்டா?” என்று கேட்டேன்.

“சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள வைப்போம். ஆனா எல்லாத்தையும் பாத்துட்டோம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. சிலது பிள்ளை வளர்ந்தாத்தான் தெரியும். அதனாலதான் வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்றோம்.”

ஒளிக்காமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

உங்கள் தம்பி படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். “அப்பா எனக்குக் கொடுத்தது இந்த மூக்கும் இந்த நெஞ்சும்தான். மூக்கு இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும், இதயம் தடுமாறினால் தட்டி எழுப்ப நெஞ்சில் புதைத்திருக்கும் கருவியின் மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

என்னால் அப்படி முடிவு செய்ய முடியவில்லை. இருக்கிற உயிருக்கு மருந்து கொடுப்பது ஒன்று. இன்னும் வராத ஒருவரைத் திருத்தி, வந்த பிறகு ஆயுசுக்கும் வந்து காட்டு என்பது வேறு. ஊர் சிக்னல்களுக்கு நேரம் வைப்பதுதானே என் வேலை. ஒரு சந்திப்பில் பச்சையைக் கொஞ்சம் நீட்டினால் மூன்று தெரு தள்ளி எங்கோ வண்டி தேங்கும். அங்கே நிற்பவனுக்கு நான் யாரென்றே தெரியாது.

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 2

சின்னவளே,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு முறை எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

எங்கள் பல்செட் கட்டும் கூடத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு பெரியவருக்கு மேல்வரிசை முழுதும் கட்டி அனுப்பினோம். ‘கடிக்கிறது’ என்று திரும்பி வந்தது. பல் கடிக்காமல் பாடவா செய்யும் என்று முதலாளி கத்திக்கொண்டிருக்கிறார். நானும் ராவி ராவிப் பார்க்கிறேன்.

வாலு என் தோளைத் தாண்டிவிட்டாள். பதினான்கு வயது. பள்ளி நீச்சல் அணியில் சேரவேண்டும் என்று ஒரே பிடி. உனக்குச் சளி பிடிக்கும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போகிறேன், பள்ளியில் கேட்கிறார்கள் என்று சொல்லி. இதுவரை ஒன்றும் இல்லை. அந்த மரபணுப் பரிசோதனையை மட்டும் செய்யவில்லை. ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு தெரியாதவளாக இருக்க முடியாதே. அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் மாரடைப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த மனுஷர் மட்டையோடு சரிந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அவர் கருவாக இருந்தபோது யாராவது இதைச் செய்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார். இந்தக் கடிதத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை சொல்லிக்கொண்டிருப்பார். அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் பொய்க்காரி. செய் என்றுதான் கை எழுதப் பார்க்கிறது.

ஆனால் ஒன்று தடுக்கிறது. உன் பிள்ளையிடமிருந்து அதை எடுத்துவிட்டால், நம் வீட்டில் அது மிச்சம் இருக்கக்கூடிய ஒரே பிள்ளை என் பெண்தான். உன் பிள்ளையைப் பார்த்து எல்லோரும் ‘அப்பாடா’ என்பார்கள். அடுத்தபடியாக இவள் பக்கம் திரும்புவார்கள். இதுவரைக்கும் இது தலையெழுத்தாக இருந்தது, யாரும் யாரையும் கேட்கவில்லை. இனிமேல், ‘இவளை ஏன் சரி பண்ணாம விட்டீங்க’ என்பார்கள். என் பெண்ணைச் சரிசெய்ய வேண்டிய பொருளாக ஒருவர் பார்ப்பதை நான் பொறுக்கமாட்டேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பியிடம் இதைச் சொல்லாதே. சத்து மாத்திரையை மறக்காதே, உனக்கு மறதி அதிகம். சோர்ந்து போயிருப்பாய், முடிந்தால் ஒரு வாரம் லீவு போடு.

பெரியவள்


பிப்ரவரி 16

அக்கா,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல வரவில்லை. வலித்தது.

உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவராகவே கண்டுபிடித்தார். “நீ வேண்டாம்னா வேண்டாம், விட்டுடலாம். பிள்ளையே இல்லாம இருந்துக்கலாம். ஆனா தெரிஞ்சே அந்த ரெண்டுல ஒண்ணை அப்படியே வச்சுக்கலாம்னு மட்டும் சொல்லிடாத. என் பிள்ளை மாடிப்படி ஏறும்போதெல்லாம் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது,” என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் குரல் உடைந்து நான் கேட்டது அண்ணன் போன அன்றைக்கும் இப்போதும்தான்.

அக்கா, யாரைக் கேட்டு ஒரு உயிரைத் திருத்துவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாரைக் கேட்டு வாலுவிடம் மறைக்கிறீர்கள்? நான் முடிவெடுக்கப்போவது கேட்கவே முடியாத ஒருவருக்காக. நீங்கள் முடிவெடுத்திருப்பது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பவளுக்காக. ஒரு குரல் கொடுத்தால் எழுந்து வந்துவிடுவாள்.

எழுதிய பிறகு இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதவும் இப்போது தோன்றவில்லை.

சின்னவள்


மார்ச் 22

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் வாலுதான் எடுக்கிறாள். ‘அம்மா குளிக்கிறாங்க சித்தி’ என்கிறாள். இவ்வளவு குளித்தால் உங்களுக்குத்தான் சளி பிடிக்கும்.

நான் எழுதியதில் கருத்து சரி, வாய் தப்பு. என் அக்காவிடம் பேசுகிற மாதிரியா எழுதினேன்? அதை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் சரி என்று சொல்லிவிட்டோம். உங்களிடமிருந்து பதில் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றதால் இனி தள்ளிப்போட முடியவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது உங்கள் கடிதம்தான். ‘இன்றைக்கு இருந்திருப்பார்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதும் நியாயம்தான். இரண்டும் உண்மையாக இருக்கும்போது ஒன்றைத்தானே செய்ய முடிகிறது.

டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். “பிள்ளை பெருசானதும் ‘நான் சோதனைக்கு வரமாட்டேன், என்னை விடுங்க’ன்னு சொன்னா?” “சொன்னா விட்டுடணும். நம்ம யாருக்கும் அதுக்கு மேல உரிமை இல்லை,” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் பயம் போகவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
சின்னவள்


மே 5

அன்புள்ள சின்னவளுக்கு,

கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். உன் கடிதத்தை மடித்து வைப்பதும் எடுத்துப் படிப்பதுமாக இருந்தேன். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டவர்கள் மேல் வருகிற கோபம்தான் அது, வேறில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வாலு தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தாள். மழை இல்லை. “எங்கடி போன?” என்றேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, “நீச்சல் குளத்துக்கு. ஜனவரியிலேர்ந்து போறேன். நீ விடமாட்ட, அதான் சொல்லலை,” என்றாள். செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றாள். அங்கேயே, கதவைக்கூடச் சாத்தாமல், எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா, அப்பா, சித்தப்பா, அந்த ஸ்கேன், பள்ளியில் கேட்கிறார்கள் என்ற பொய், எல்லாம்.

அழுவாள் என்று நினைத்தேன். ஷூ கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, “என்னால முடியாதுன்னு நீ நினைக்கிறன்னு நினைச்சேன்மா,” என்றாள்.

“என்னது முடியாது?”

“எதுவுமே. ஓடாத, குதிக்காத, போட்டிக்குப் போகாதன்னு சொல்லிக்கிட்டே இருப்ப. நான் எதுலயும் ஜெயிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும், அதை நேரா சொல்ல மனசில்லாம சளி கிளின்னு சொல்றன்னு நினைச்சேன். இவ்வளவுதானா?”

இவ்வளவுதானா என்று கேட்டாள் சின்னவளே. நான் இத்தனை வருஷம் சுமந்ததை.

பரிசோதனை செய்யவேண்டும் என்று சொன்னவள் அவள்தான். செய்தோம். அவளுக்கும் இருக்கிறது. டாக்டர் அவளிடமே நேராகப் பேசினார். போட்டி கூடாது, மூச்சு முட்ட நீந்தக்கூடாது, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு நிதானமாக நீந்தலாம் என்றார். அன்றைக்கு மட்டும் அழுதாள், போட்டி கூடாது என்றதற்கு. இப்போது நான் குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். “அம்மா, அப்படிப் பாக்காத, மத்த பிள்ளைங்க சிரிக்கிறாங்க,” என்கிறாள்.

உங்கள் விஷயத்தையும் சொன்னேன். “எடுத்துடுவாங்களா? நல்லதுதானே,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் எடுத்திருந்தா நான் போட்டிக்குப் போயிருப்பேன்ல,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குத்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது. உனக்கு அவள் அனுப்பிய செய்தி ஒன்று உண்டு: “சித்தி வந்தா பாவப்படுற மூஞ்சியை வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லு.”

நீ கேட்டது சரிதான். வாய் தப்பு என்பதும் சரிதான்.

பெரியவள்


அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னதுதான், ஆனாலும் எழுத்தில் ஒருமுறை சொல்லவேண்டும் போல இருக்கிறது. நான்கு மாதம் ஆகிறது. திருத்திய இரண்டில் ஒன்று, பாதி உயிரணுக்களில் மாறியும் பாதியில் மாறாமலும் நின்றுவிட்டது. அதை வைக்க முடியாது என்றார்கள். நாம் கை வைக்காமல் இருந்திருந்தால் அது என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மற்றது முழுதாக மாறியிருந்தது. அதுதான் இப்போது என்னை எலுமிச்சம்பழமாய்த் தேட வைக்கிறது.

உங்கள் தம்பி நான் தும்மினால்கூட டாக்டரம்மாவைக் கூப்பிடுகிறார். மாடிப்படி ஏறும்போது கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க ஆகாது என்றவர், இப்போது எனக்காக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முக்கியமான விஷயம் ஒன்று. போன வாரம் ஆய்வுக்காரர் ஒருவர் வந்தார். தன்மையாகத்தான் பேசினார். குழந்தை பிறந்து வளரும்போது, அதே குடும்பத்தில் கோளாறு உள்ள, திருத்தப்படாத ஒருவரையும் சேர்த்துப் பார்த்தால் நிறையத் தெரியவருமாம். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேரையும் அருகருகே வைத்துச் சோதிப்பார்களாம். “உங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்காமே, அவங்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கலாமா?” என்றார்.

அக்கா, உங்கள் பழைய கடிதம் முழுதும் எனக்குள் எழுந்து நின்றது. “அவ ஒப்பீடு இல்லைங்க. பிறக்கப்போற பிள்ளைக்கு அக்கா. வேண்டாம்,” என்றேன். மறுபேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். உங்கள் தம்பி சமையலறையிலிருந்து வந்து என் தோளைத் தட்டினார். உங்கள் பெண்ணை யாரும் அந்தக் கண்ணால் பார்க்க நான் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விடுமுறைக்கு இரண்டு பேரும் வாருங்கள். பாவப்படும் முகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

உங்கள்
சின்னவள்


அக்டோபர் 19

என் அன்புச் சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் சித்தி என்ன செய்திருக்கிறாள் பார் என்று பெருமையாக வாலுவிடம் நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தாள். முகம் சுருங்கியது.

“சித்தி எப்படி என்னைக் கேக்காம வேண்டாம்னு சொன்னாங்க?”

“உனக்காகத்தான்டி சொன்னா.”

“எல்லாரும் எனக்காகத்தான் சொல்றீங்க. நீயும் எனக்காகத்தான் சொல்லாம இருந்த.”

உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். என்ன சோதனை, ஊசி உண்டா, அதனால் பாப்பாவுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டாள். எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மனுஷர் திரும்ப வருவாரா என்றாள். அதுவும் தெரியாது என்றேன்.

“சரி, டாக்டரம்மா நம்பர் வாங்கிக் கொடு. நானே பேசறேன். போறதுன்னாலும் நான் சொல்றேன், வேண்டாம்னாலும் நான் சொல்றேன். பாப்பா பேசற வயசு வந்ததும் அதுகிட்டயும் நானே கேக்கறேன். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க.”

அவள் வயசுக்கு என் கையெழுத்தும் வேண்டும் என்பார்கள். கேட்டால் போடுகிறேன், அவள் சொன்ன பிறகு. சொல்லாவிட்டால் பேனாவைத் தொடமாட்டேன்.

விடுமுறைக்கு வருகிறோம். நம்பரை அனுப்பு.

பெரியவள்