செவலைக்குப் போட்ட ஒரு பிடி இறால்

மச்சான்,

இன்று காலை ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே மணலில் இறால் காயப்போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் தங்கை, "இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கோட்டைச் சிப்பாய் ஒருவன் கப்பலேறும்போது விட்டுப்போன செவலையை நீதான் நம் படகுக்குக் கொண்டுவந்தாய். வலையில் விழுந்த இறாலைத் தின்றே வளர்ந்த நாய். ஒரு வருடத்தில் காதும் வயிறும் சிவந்து, ஓயாமல் சொறிந்தது. பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. சொறிநாய் குப்பத்தில் இருக்கக்கூடாது, ஏரி நடுவே மணல்திட்டில் விட்டுவிட்டு வா என்றார்கள் பெரியவர்கள். நீ மசியவில்லை. "சொறின்னா கூடப் படுக்குற நாய்ங்களுக்கும் ஒட்டிக்கினு இருக்குமே. இதுக்குத் தீனிதான் ஒத்துக்கல" என்று அடித்துப் பேசி, புண்ணை ஆற்றிக்காட்ட மூன்று பௌர்ணமி தவணை வாங்கினாய்.

வெறும் கேழ்வரகுக் கூழ்தான் ஊற்றினாய். நாய்க்கு என்ன விரதமா என்று நான் கிண்டல் செய்தேன். புண் ஆறியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாய். மீன் ஒன்றும் செய்யவில்லை. இறால் தலை ஒன்றைத் தின்ற மறுநாளே சொறிய ஆரம்பித்தது. "மாட்டிக்கிச்சு பாரு!" என்று குதித்தாய். இறாலை நிறுத்தியதும் உதிர்ந்த இடத்தில் முடி முளைத்தது.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஏரியில் வலைபோட நம் முறை வந்தது. முதல் இழுப்பில் விழும் இறாலில் ஒரு பிடி படகு நாய்க்குப் போடாவிட்டால், அந்த முறை முழுக்க வலை காலியாக வரும் என்று நம் ஆட்களுக்குப் பயம். எனக்கும்தான். நீ முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு இழுத்தபோது போட்டேன். ஒரு பிடி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் செவலை சொறிந்த காதில் ரத்தம்.

"நீ எதுனா குட்த்தியா மாப்ள?"

"இல்ல மச்சான்."

நம்பிவிட்டாய். "அப்போ நான்தான் தப்பா பாத்துட்டேன்" என்று தலைகுனிந்து, நீயே அதைத் திட்டில் இறக்கினாய். அது நம் பின்னாலேயே நீந்தி வந்தது. கொஞ்ச தூரத்தில் தலை தெரியவில்லை. இப்போதும் பட்டப்பகலில், கரையில் தனியே கிடக்கும் படகிலும் அதன் நகம் பிறாண்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அடுத்த மழையில் காய்ச்சலில் கிடந்தபோதும் அதையே புலம்பினாய். ஈரத்துணியோடு பக்கத்திலேயே இருந்தேன். இறால் போட்டதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நீ சரியாகத்தான் பார்த்தாய், மச்சான். என்னை மட்டும்தான் தப்பாகப் பார்த்தாய்.