அருவி கொண்டுபோன பாம்படம்

சென்னை
14-2-1958

அன்புள்ள சிவசைலம்,

கர்த்தர் கிருபையில் நானும் ரெபேக்காளும் சௌக்கியம். உன் வீட்டில் எல்லாரும் சுகந்தானே? எங்கள் போலீஸ் தலைமை ஆபீஸில் குற்றப் பட்டியலைக் கூட்டும் வேலை இந்த வருஷம் என் மேஜைக்கு வந்திருக்கிறது. அதில் உங்கள் ஸ்டேஷன் வரியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முந்தின வருஷம் திருட்டும் வழிப்பறியும் நாற்பத்தொன்று. போன வருஷம் பன்னிரண்டு! எங்கள் மேலதிகாரி சிவப்பு மையால் கோடிட்டு, 'பாராட்டத்தக்கது' என்று எழுதினார். அந்த ஸ்டேஷன் ரைட்டர் தென்காசியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதமாக நீ கடிதம் போடாததை இதற்காக மன்னித்தேன்.

உன்
ஞானதுரை

மேலகரம்
20-2-1958

அன்புள்ள ஞானம்,

உன் கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை. அந்தப் பன்னிரண்டை எழுதியது என் கைதான்.

புது சப்-இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிய விடுவதில்லை. ஆளைப் பிடிக்க முடியாத திருட்டென்றால், வெள்ளைத் தாளில் மனு வாங்கிக் கட்டிவைக்கச் சொல்லுகிறார். ஆடிச் சாரலில், அருவிக்கரையில் எண்ணெயும் சீயக்காயும் விற்கும் எங்கள் ஊர் உலகம்மை காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். காதில் கிடந்த தங்கப் பாம்படத்தை எவனோ இழுத்து அறுத்துவிட்டான். காது மடல் இரண்டாகத் தொங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "குளிக்கும்போது அருவி கொண்டுபோச்சுன்னு எழுதும்வே" என்றார்.

"தண்ணி காதைக் கிழிக்குமாய்யா?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள். எழுதினேன்.

அடுத்த மாதம் அவனே கடையத்தில் ஆவுடையம்மாள் என்பவளின் பாம்படத்தை இழுத்தான். அவள் கல்லில் விழுந்து செத்துப்போனாள். பிடிபட்டவன் அருவிக்கரைத் திருட்டையும் ஒப்புக்கொண்டு, உலகம்மையின் நகையையும் எடுத்துக் கொடுத்தான். கடையம் போலீஸார் எங்களைக் கேட்டார்கள். 'அப்படியொரு சம்பவம் பதிவாகவில்லை' என்று பதில் எழுதியதும் நான்தான். நகை அங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது. எங்கள் பதிவேடு மட்டும் சுத்தம்.

உன் பட்டியலின் அடியில் ஒரு குறிப்பாவது போடு, ஞானம்.

சிவசைலம்

சென்னை
3-3-1958

அன்புள்ள சிவசைலம்,

மேலதிகாரியிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். வந்த எண்ணைக் கூட்டுவதுதான் நம் வேலை, வராததற்குப் பட்டியலில் இடமில்லை என்றுவிட்டார். அறிக்கையும் அச்சுக்குப் போய்விட்டது. சித்திரையில் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருக்கிறது. எல்லா ஊரிலும் நடப்பதுதானே. நீ ஒருவன் ஏன் மனதைப் புண்ணாக்கிக்கொள்கிறாய்? இதையெல்லாம் காகிதத்தில் எழுதாதே. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சீசனுக்கு வருகிறோம்; ரெபேக்காளுக்கு அருவியில் குளிக்க ஆசை.

உன்
ஞானதுரை

மேலகரம்
19-3-1958

திரு. ஞானதுரை அவர்களுக்கு,

சப்-இன்ஸ்பெக்டர் நான்கு நாள் லீவில் போனார். ஸ்டேஷன் என் பொறுப்பில் இருந்தது. கட்டிவைத்த மனுக்கள் முப்பத்திமூன்றையும் வழக்காகப் பதிந்தேன். நேற்று என்னைத் திருவேங்கடம் ஸ்டேஷனுக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது, விசாரணையும் உண்டாம். அடுத்த வருஷப் பட்டியலில் எங்கள் வரி எகிறும். இந்த ஏட்டு இருந்தபோது குற்றம் பெருகியது என்று உங்கள் மேலதிகாரி கோடு போடுவார். போடட்டும்.

நீங்கள் சீசனுக்கு வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். பதில் வேண்டாம். உங்கள் கையெழுத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என் கையெழுத்தும் அப்படித்தான் இருந்தது.

உலகம்மையை வரவழைத்து, இனி நகையைக் கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். இப்போது எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'பறித்தான்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதை இன்னொரு தடவ வாசிங்கய்யா" என்றாள்.

வாசித்தேன்.

சி. சிவசைலம்
ஹெட் கான்ஸ்டபிள்