அந்தோணியின் நட்சத்திரம்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

இன்னாம்மா ஸ்டெல்லா, உன் கதைய நான் தெனமும் கிண்டல் பண்ணது தப்புன்னே வெச்சுக்க. அதுக்காக உங்கண்ணனைக் கொன்னுடுவியா?

மகள் ஸ்டெல்லா செல்போனில் விண்வெளிப் போர்க் கதை எழுதுகிறாள். அதில் வரும் கேப்டன் பெயர் அந்தோணி. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத என் பையனின் பெயர். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கோயிலில் அவன் பெயரை உயிரோடு கடலில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில்தான் இதுவரை கொடுத்துவந்தோம்.

சாயங்காலம் புது அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். எதிரிகள் சுட்டதில் கேப்டனின் கப்பல் வெடித்தது. மூன்று கண்ணுள்ள வேற்றுக்கிரகச் சாமியார் ஒருவர் அவன் உயிரைக் கையில் ஏந்தி, ஒரு நட்சத்திரத்துக்குள் விட்டார்.

"மூணு கண்ணுக்கும் சேத்து உன் சாமியாரு எந்தக் கடையில கண்ணாடி போடுவாரு?" என்று கேட்டேன்.

எப்போதும் சிரிப்பவள் இன்று சிரிக்கவில்லை.

"நைனா, வர்ற ஞாயித்துக்கிழமை மரிச்சவங்க பூசைல அண்ணன் பேரைக் குடுத்துட்டேன்."

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கையிலிருந்த டீயைக் குடித்தேன். ருசி தெரியவில்லை.

"பூசைல வேணா படிக்கட்டும்மா. கதையிலயாவது அவன உசுரோட..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.