சிவப்பு நூல் கட்டிய வெண்டிக்காய்

இன்று மத்தியானம் உன் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். விதைக்காக விட்டிருந்த வெண்டிக்காய் வெயிலில் காய்ந்து வாய் பிளந்திருந்தது. காம்பில் சிவப்பு நூல். கட்டியவன் நான்தான். ஆனாலும் ஒரு நொடி, நீ கட்டியது என்றே நினைத்துவிட்டேன். உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், எழுதத்தான். சிரிக்காதே. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை என்னைப் போன்ற கிழவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். நீ போன பிறகுதான் சேர்ந்தேன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகிறது. ஆனால் என்ன சுகம் தெரியுமா! இத்தனை வருடம் இதை நீ மட்டும் அனுபவித்தாயே என்று அதற்கும் ஒரு பொறாமை.

உன்மேல் எனக்குப் பொறாமை இல்லாத நாள் எது? ரப்பர் எஸ்டேட்டை மூடிய பிறகு தங்காக் ஊர்ப் பக்கம் அடுத்தடுத்து நிலம் எடுத்தோம். நடுவில் கம்பி வேலி, இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே வெயில். மழை இல்லாத மாதங்களில் என் வெண்டி தலை தொங்கி நிற்கும். உன் வெண்டியோ திங்கட்கிழமைக் கொடி வணக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

ரம்புத்தான் மரத்தடியில் நீ பேப்பரைச் சத்தமாகப் படிப்பாய். என் மனைவி தேநீர் கொண்டுவந்தால் முதல் கோப்பை உனக்குத்தான். "அண்ணன் படிச்சா கேக்க நல்லாருக்கு" என்பாள். நான் இரண்டாம் கோப்பையைக் குடிப்பேன். மனைவியை இழந்த நீ, குடித்து முடித்ததும் தனியாக வீட்டுக்குப் போவாய். அதை நான் யோசித்ததே இல்லை.

முதலில் வரும் நல்ல காய்களுக்கு நீ சிவப்பு நூல் கட்டிவிடுவாய். அதை விற்கவும் மாட்டாய், சமைக்கவும் மாட்டாய். நானோ நல்லதையெல்லாம் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோவேன். கடைசியில் கோணல்மாணலாகத் தொங்குவதை விதைக்கு விடுவேன்.

"நொண்டியை விதைச்சா நொண்டிதாண்டா முளைக்கும்" என்பாய்.

"நல்லதைச் செடியிலேயே காய விட்டா என் வீட்டுல உலை எப்படிடா கொதிக்கும்?" என்பேன்.

நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பின் மேலிருந்த எரிச்சலிலேயே நான் நூல் கட்டவில்லை.

மழைக்காலத்தில் நீ கண்ணை மூடிவிட்டாய். ஜொகூர் பாருவிலிருந்து வந்த உன் மகள், "மாமா, தோட்டத்தை நீங்களே பாத்துக்குங்க" என்று கேட் சாவியையும் உன் விதைகளையும் என் கையில் கொடுத்தாள். உன் விதையை உன் நிலத்தில் போட்டேன். என் விதையை என் நிலத்தில் போட்டேன். இரண்டுக்கும் என் கைதான். இந்த முறையாவது ஜெயித்துவிடலாம் என்று ஆசை.

வெயில் கொளுத்தியது. கிணறு இறங்கியது. விடியற்காலையில் இரண்டு நிலத்துக்கும் தண்ணீர் விட்டேன். லாலாங் புல்லை அறுத்து வேரடியில் மூடினேன். என்னுடையது வாடியது. உன்னுடையது நிமிர்ந்தே நின்றது.

இரண்டையும் சந்தையில் தனித்தனியாக அடுக்கினேன். ஓர் அம்மா வந்து உன் குவியலைக் காட்டினாள்.

"அங்கிள், இது அவரு தோட்டத்து வெண்டியா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு கட்டு கொடுங்க."

"இந்தப் பக்கம் இருக்கிறது என்னோடதும்மா."

அவள் ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். "அது இருக்கட்டும் லா, அங்கிள்."

வெயிலில் வெந்தது நான், பேர் உனக்கு. செத்த பிறகும் முந்துகிறாயே! அன்று சாயங்காலமே உன் செடிகளில் நல்ல காய்களாகப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டினேன். சாம்பாருக்குப் பறிக்க வந்த என் மனைவி கை நீட்டினாள்.

"அதுல கை வைக்காதே!"

"அலமாக்! அண்ணன் குரல் மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். அவள் சொன்னது பொய்யில்லை.

போன வாரம் உன் மகள் வந்தாள். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "உங்கப்பன்மேல எனக்கு இன்னும் பொறாமை போகலம்மா."

"அப்பாவுக்கும் உங்கமேல அதேதான், மாமா. 'வீட்டுக்குப் போனா அவனைத் திட்டவாவது ஒரு ஆளு இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த எழுத்தில் எழுதுவேன்? நீயும் என்மேல் பொறாமைப்பட்டாயா! இத்தனை வருடமும் முகத்தில் காட்டாமல் இருந்தாயே, திருடா. போகட்டும், அந்த முதல் கோப்பைகளையெல்லாம் உனக்கே விட்டுக்கொடுத்தேன்.

இன்று வெடித்த காயின் விதைகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. மழை விழுந்ததும் என் நிலத்தில் போடுவேன். அப்போதும் சனங்கள் "அவரு வெண்டியா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் கடைக்கு நானே ஒரு பலகை எழுதியிருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் என் பேர். கீழே சின்ன எழுத்தில் 'விதை' என்று போட்டு உன் பேர்.

சின்னதாகத்தான் எழுதினேன். ஆனால் உன் பேர் நீளம். பலகையில் என்னைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.