புரோத்தனின் மிச்சச் சுழற்சி

அன்புத் தோழி,

முள்ளியவளையில் இன்று ஒருவர் கருவாட்டுப் பொதியோடு பஸ்ஸில் ஏறினார். உடனே எனக்குப் புதுக்குடியிருப்பில் நீ படிப்பித்த டியூசன் கொட்டில் நினைவுக்கு வந்தது. பக்கத்து வளவில் மீன் காயும். வகுப்பு முடிந்த மத்தியானங்களில் அந்த மணத்துக்குள் இருந்துகொண்டு, பல்கலைக்கழகக் காலத்தில் தொடங்கி விடமுடியாமற்போன கணக்கை இருவரும் போட்டுக்கொண்டிருப்போம்.

புரோத்தனின் தற்சுழற்சியில் அதன் குவார்க்குகள் தருவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். மிச்சத்தை, குவார்க்குகளை ஒட்டிவைத்திருக்கும் குளுவோன்களிலும் உள்ளே நடக்கும் ஓட்டத்திலும் தேடவேண்டும். எங்கள் கூட்டலோ எப்போதும் மொத்தத்தைவிட மிஞ்சியே வந்தது.

"மாறவே கூடாதெண்டு சமன்பாடு சொல்லுற இடத்தில ஏதோ ஒண்டு மாறுது. அதுதானடி குவாண்டம் பிறழ்வு," என்பாய். எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருக்கும். நீ சிரிப்பாய்.

சிறு வயதிலிருந்தே உனக்கு இதயத்தில் வருத்தம், மருந்தோடுதான் வளர்ந்தாய். ஒரு சித்திரை மத்தியானம், கொட்டிலில் இருந்தபடியே போய்விட்டாய். செத்தவீட்டுக்குப் பிறகுதான் பழுதாய்க் கிடந்த என் போன் திருத்தி வந்தது. நீ போன அன்று மத்தியானம் எனக்கு அனுப்பிய குரற்பதிவு அதில் இருந்தது.

"எடியே, பிழையைப் பிடிச்சிட்டன். பிறழ்வால வாற பங்கைக் குவார்க்கிலயும் கூட்டிப்போட்டம், குளுவோனிலயும் கூட்டிப்போட்டம். எந்தப் பக்கம் வைச்சாலும் சரி, ஒருக்காத்தான் வைக்கலாம்…"

அங்கே நிறுத்துகிறாய். கதிரைக் கால் தரையில் இழுபடும் சத்தம். பிறகு மெதுவாக, வேறு யாருக்கோ: "வாங்கோ. ஐயோ, நல்லா நனைஞ்சிட்டியள். இருங்கோ, இதைச் சொல்லிப்போட்டு வாறன்."

அதன்பின் மீதிக் கணக்கை எனக்குச் சொல்லி முடிக்கிறாய். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அந்த மாதம் முழுக்க ஒரு துளி மழை விழவில்லை.

உன் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டுவதா என்று நெடுநாள் யோசித்தேன். கடைசியில் முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். கேட்டு முடித்தும் அவா அழவில்லை.

"அண்டைக்குக் கொட்டிலுக்கு ஆரும் வந்தவையோ, அம்மா?"

"ஒருத்தரும் வரேல்லப் பிள்ளை. நான் போகேக்க படலை உள்பக்கமாப் பூட்டித்தான் கிடந்தது." பிறகு கடலைக் காட்டினா. "தேப்பன் தோணியோட கடலில தாண்டுபோகேக்க இவள் கைக்குழந்தை. உடம்பு கரைக்கு வரவே இல்லை."

பிறகு எழும்பி, கொடியில் காய்ந்த துவாயை எடுத்து, வெறுமையாய்க் கிடந்த கதிரையில் விரித்துவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனா.

நீ சொன்ன இடத்தில் திருத்திப் பார்த்தேன். கூட்டல் சரியாக வந்தது. வந்தவர் யாரென்று நான் யாரிடமும் கதைப்பதில்லை.

உன் வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகள் போனபின், கரும்பலகையைப் பார்த்து நிற்கையில், முதுகுக்குப் பின்னால் சில வேளை சில்லிடும். பயம்தான். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.