ஒரே இடம், அதுவும் மதுஜாவுக்கு

3 மார்ச் 2025, திங்கள், பாசல்
எனக்கு இல்லை. இணைய முகவரிப் பதிவு விதிகளை மறுபரிசீலனை செய்யும் சர்வதேசக் குழுவுக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் சுற்றிலேயே மரியாதையாகக் கழித்துவிட்டார்கள். மிச்சம் ஒரு இடம், இரண்டு பேர். அதில் ஒருத்தி மதுஜா. எனக்குக் கீழ் வேலை செய்கிற மதுஜா! இந்த முகவரிப் பதிவுத் தொழிலை அவளுக்குப் பழக்கியதே நான்.

"அக்கா, நீங்களும் போட்டனீங்களோ? எனக்குத் தெரியாதே" என்றாள்.

தெரியாதாம்.

5 மார்ச், புதன்
எங்களுக்கெல்லாம் மேலதிகாரியான செஃப் அவளுக்கு கிப்ஃபெலி பணிசும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருசத்தில் எனக்கு ஒருநாள்?

7 மார்ச், வெள்ளி
குழுவின் தளத்தில் போட்டிருக்கும் அவளின் விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழை தேடித்தான். நல்லாத்தான் எழுதியிருக்கிறாள், சனியன்.

11 மார்ச், செவ்வாய்
தெரிவுக்குழுவிலிருந்து ஹரிஷங்கர் என்பவர் கூப்பிட்டார். தமிழ்நாட்டுக்காரர். மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாம். "வேலை நிறைய இருக்கும் மேடம். மதுஜாவால நேரம் ஒதுக்க முடியுமா?"

"கெட்டிக்காரிதான். ஆனா சின்னப்பிள்ளையோட தனிய இருக்கிறவள். இப்பவே முக்கால்வாசி நாள் பிந்தித்தான் வாறவள்."

பொய். ஒருநாள், டிராம் நிண்டதால பிந்தினவள். அவ்வளவுதான்.

ஏன் சொன்னனான்? வாயில வந்திட்டுது. இல்லை — வரட்டும் எண்டு விட்டனான்.

12 மார்ச், புதன்
நல்ல நித்திரை. அதுதான் பயமாயிருக்கு.

13 மார்ச், வியாழன்
மதியம் அவளோடு ரைன் ஆற்றங்கரையில் சாப்பாடு. "உனக்கேன் உந்தக் குழுவில இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன், குத்தலாகத்தான்.

முன்பு எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருந்தபோது கேக் விற்க இணையத்தளம் தொடங்கினாளாம். அவள் வாங்கிய இணைய முகவரியில் பதிந்தவரின் பெயரும் வீட்டு விலாசமும் எவருக்கும் தெரியும். அவள் விட்டுவந்த புருசன் அதைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தான்.

"கதவை உடைச்சவன் அக்கா. அப்ப வயித்தில பிள்ளை. சில பேற்ற விலாசம் வெளியில தெரியக்கூடாது எண்டு அந்த மேசையில ஆராவது சொல்ல வேணும்."

என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

14 மார்ச், வெள்ளி
ஹரிஷங்கருக்கு நானே போன் எடுத்தேன். "மதுஜா பிந்தி வாறவள் எண்டு சொன்னது பொய்."

"பொய்யா? ஏன் மேடம்?"

"பொறாமை."

"நல்லவேளை, சாயங்காலம்தான் முடிவு பண்றோம். ஆனா உங்க பேர் இனிமே எங்ககிட்ட வந்தா, நான் இதை மறக்க மாட்டேன்" என்றார்.

நியாயம்தானே.

17 மார்ச், திங்கள்
மதுஜாவைத் தெரிவு செய்துவிட்டார்கள். ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அந்தப் பிடியைத் தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன், முழுவதும்.

கையை எடுத்துவிட்டாள். தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

4 ஏப்ரல், வெள்ளி
வேலை மட்டும் கதைக்கிறாள். என்னைப் பெயர் சொல்லி, "கோபிஷா" என்கிறாள். "அக்கா" போய்விட்டது.

12 மே, திங்கள்
குழுவின் முதல் கூட்டம். பின்னேரம் மதுஜாவிடமிருந்து செய்தி: "கூட்டம் நீளுது. கிற்றாவில பிள்ளையை எடுப்பீங்களோ? வேற ஒருத்தரும் இல்லை."

பிள்ளைகள் காப்பகத்துக்குப் போனேன். திரும்பும் டிராமில், இணையத்தில் எல்லாரும் நேரடியாகக் கேட்கக்கூடிய அந்தக் கூட்டத்தை என் போனில் போட்டேன். "அம்மா!" என்று பிள்ளை போனைப் பிடித்தது.

நல்லாக் கதைக்கிறாள். ஒரு இடத்திலயும் தடக்கேல்லை. நானெண்டால் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்.

எரியுது, இன்னும்.

சத்தத்தைக் கூட்டினன்.